சும்மா இருப்பவளின் தையற்பெட்டி

"அக்கா, நீங்கள் வீட்டிலை சும்மாதானே இருக்கிறியள். என்ரை பிள்ளைக்கும் ஒரு சட்டை தைச்சுத் தாங்கோவன்."

வேலிக்கு அப்பால் நின்று இவ்வாறு கேட்டவள் அயல்வீட்டுத் தங்கை. அலுவலகம் ஒன்றிற் பணிபுரிபவள்; அன்பு மிக்கவள். அவள் கேட்டதில் யாதொரு குற்றமும் இல்லை. ஆயினும், "சும்மா" என்ற அச்சிறிய சொல் நெஞ்சிலே எங்கோ ஓரிடத்தில் ஊசிபோலத் தைத்தது.

அன்று விடியற்காலை ஐந்து மணிக்கு அடுப்பு மூட்டியவள் நான். புட்டு அவித்து, மூத்தவளுக்குத் தலை பின்னிப் பள்ளிக்கு அனுப்பி, மாமிக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்து, இளையவனைக் குளிக்க வார்த்து, கிணற்றடியில் உடுப்புத் தோய்த்து, மதியச் சமையலையும் முடித்துவிட்டு அப்பொழுதுதான் திண்ணையில் வந்து அமர்ந்திருந்தேன். கையிலே ஊசி; மடியிலே அரைகுறையாய் நின்ற ஒரு குழந்தைச் சட்டை. இந்தக் காட்சியைத்தான் அவள் கண்டாள். இதற்கு முன் நிகழ்ந்தவற்றை வேலி மறைத்துவிட்டது.

சும்மா இருத்தல் என்பது நம் ஞானியர் வாக்கில் மிக உயர்ந்த நிலை. மனமும் வாக்கும் அடங்கிய அப்பெருநிலை தவத்தாலும் எளிதில் எய்துதற்கு அரியது என்பர். அத்தகைய நிலையை நம் ஊர் வழக்கு வீட்டிலிருக்கும் தாய்மாருக்கு எத்துணைத் தாராளமாக வழங்கிவிட்டது! அவர்கள் அதனைக் கேட்டதுமில்லை. ஒரு நாளேனும் அனுபவித்ததுமில்லை. அந்தச் "சும்மா"வுக்குள் அடங்கியிருக்கும் தொழில்களுள் ஒன்றை, குழந்தைகளுக்கு உடுப்புத் தைத்தலையும் கைப்பணி செய்தலையும், எடுத்து விரித்துப் பார்த்தல் பயனுடையது எனத் தோன்றுகின்றது.

துண்டுத் துணியும் துண்டு நேரமும்

தையற்காரரின் கடையில் வேலை ஒரு சீராக நடக்கும். அளவெடுத்தல், வெட்டுதல், தைத்தல், தெறி வைத்தல் என ஒன்றன்பின் ஒன்றாக அவர் செய்து முடிக்கிறார். வீட்டிலே தைக்கும் தாய்க்கு அவ்வாறான நேரம் வாய்ப்பதில்லை. அவளுக்குக் கிடைப்பது துண்டு துண்டான நேரம்: சோறு கொதிக்கும் பத்து நிமிடம், குழந்தை உறங்கும் முக்கால் மணி, எல்லோரும் படுத்தபின் கண் செருகும்வரை எஞ்சும் சிறிது பொழுது.

ஆகவே அவள் தன் வேலையை அத்துண்டுகளுக்கேற்பப் பகுத்துக்கொள்கின்றாள். துணி வெட்டுவதற்கு அமைதியான மனமும் விரிந்த தரையும் வேண்டும். குழந்தை தவழ்ந்து வந்து துணியின்மேல் அமர்ந்துகொண்டால் காரியம் கெட்டது. ஆதலின் அஃது இரவு வேலை. வெட்டிய துண்டுகளை நூலோடி இணைத்து வைத்தல், பேச்சுக்கும் இடங்கொடுக்கும் வேலை; பகலில் திண்ணையிலிருந்தே செய்யலாம். இயந்திரத்தில் ஓட்டுவது குழந்தை விழித்திருக்கும்போது ஆகாது, சிறுவிரல் ஊசிக்குக் கீழே வந்துவிடும். உறங்கும்போதும் ஆகாது, ஓசையால் எழுந்துவிடும். எனவே அதற்கு உரிய நேரம் குழந்தை தகப்பனாரின் தோளில் இருக்கும் அந்திப்பொழுது. ஓரம் மடித்துத் தைத்தலும் தெறி வைத்தலும் எங்கும் எப்போதும் செய்யத்தக்கவை. மருத்துவமனையிற் காத்திருக்கும் வரிசையிலும் செய்யலாம்.

ஒரு நாளில் முடியவேண்டிய சட்டை இங்ஙனம் ஒன்பது நாளில் முடிகின்றது. இடையிலே நூல் அறுகின்றது, நினைவும் அறுகின்றது. ஒருமுறை அரைத்தூக்கத்தில் இரண்டு கைகளையும் ஒரே தோளுக்குரியனவாக வெட்டிவிட்டேன். கையின் முன்வளைவு பின்வளைவைவிடச் சற்று ஆழமானது. ஆதலால் வலக்கையும் இடக்கையும் கண்ணாடியில் தெரியும் உருவும் எதிருருவும்போல அமைதல் வேண்டும். அதை மறந்த பிழைக்கு ஒரு முழம் துணி பலியாயிற்று. பலியான துணி பின்னர்ப் பொம்மையொன்றுக்குப் பாவாடையாயிற்று என்பது வேறு கதை.

துன்னம் என்னும் பழந்தொழில்

தமிழில் "தையல்" என்ற சொல்லுக்குத் தைக்கும் தொழில் என்றும் பெண் என்றும் பொருளுண்டு. எனினும் நம் பழைய நூல்களில் தையற்றொழிலுக்கு வழங்கிய சிறப்பான சொல் "துன்னம்" என்பதாகும். சிலப்பதிகாரம் புகார் நகரத்துத் தொழிலாளரை வரிசைப்படுத்துமிடத்தில் துன்னகாரரையும் கூறுகின்றது. தோலைத் தைப்போர் வேறு, துணியைத் தைப்போர் வேறு என்று பிரித்துச் சொல்லுமளவுக்கு அத்தொழில் அங்கே வளர்ந்திருந்தது.

அதனினும் மனத்தைத் தொடுவது பொருநராற்றுப்படை காட்டும் ஒரு கந்தல் ஆடை. கரிகாலனைக் காணச் சென்ற பொருநனின் உடையைப் புலவர் வருணிக்கின்றார். அது வியர்வையில் நனைந்தது. கிழிந்த இடங்களில் வேறு நூல் நுழைத்துத் தைக்கப்பட்டது. அரசன் அக்கந்தலை நீக்கி, பாம்பின் உரிபோன்ற நுண்ணிய ஆடையை வழங்குகின்றான். கொடுத்தவன் பெயர் பாட்டிலே நின்றது. பெற்றவன் மகிழ்ச்சியும் நின்றது. ஆனால் அந்தக் கந்தல், அரசனைக் காணும் நாள்வரை அவன் மானத்தைக் காத்ததன்றோ? வேற்று நூலை அதனூடு நுழைத்த கை எவருடையது? புலவர் அதனைச் சொல்லவில்லை. அது வறிய வீட்டில் விளக்கொளியிலே அமர்ந்த ஒரு பெண்ணின் கை என்று எண்ணிக்கொள்ள என் மனம் விரும்புகின்றது.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. கடைத்தெருவில் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் தையற்காரர் நம் ஊர்களிற் பெரும்பாலும் ஆண்மகனாகவே இருந்து வந்துள்ளார். அவர் கையிலுள்ள ஊசி தொழில் எனப்பட்டது. அதற்குக் கூலியும் உண்டு. அதே ஊசி வீட்டுக்குள்ளே பெண்ணின் கைக்கு மாறியதும் பொழுதுபோக்கு ஆகிவிடுகின்றது. ஊசி ஒன்றே, இருந்த இடம் வேறு.

குழந்தையின் உடலும் துணியின் கணக்கும்

குழந்தைச் சட்டையென்பது பெரியவர் சட்டையைச் சிறிதாக்கியது என்று எண்ணுவோர் உளர். இஃது பெரும் பிழை. பிறந்த குழந்தையின் தலை அதன் முழு நீளத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. வளர்ந்தவரின் தலையோ ஏழில் அல்லது எட்டில் ஒரு பங்குதான். ஆகவே குழந்தையின் கழுத்தளவுக்கு ஒத்ததாகக் கழுத்தை வெட்டினால் தலை நுழையாது. தலையளவுக்கு வெட்டினாற் சட்டை தோளில் நில்லாது. பின்புறத்தில் ஒரு திறப்பு வைத்துத் தெறியிடுவதன் காரணம் இதுவே. குழந்தைக்கு இடுப்பென்று ஒன்று இல்லை. வயிறு முன்தள்ளி நிற்கும். அதனாலேதான் மார்புக்கு மேலே ஒரு பட்டி வைத்து, அதிலிருந்து சுருக்குப் பிடித்துத் துணியைத் தளர விடுகின்றோம். அழகுக்காக என்று நாம் கருதும் ஒவ்வொன்றிலும் ஓர் உடற்கூற்று உண்மை மறைந்திருக்கின்றது.

அடுத்தது துணியின் கணக்கு. மூன்று வயதுப் பெண்குழந்தை ஒன்றை எடுத்துக்கொள்வோம். தோளிலிருந்து முழங்கால்வரை 20 அங்குலம். மார்புச் சுற்று 22 அங்குலம். தோள் மூட்டுக்கு ½ அங்குலமும் கீழ்மடிப்புக்கு 2½ அங்குலமும் கூட்டினால் நீளம் 23 அங்குலம். துணியின் அகலம் 36 அங்குலம் எனக் கொள்க. முன்துண்டையும் பின்துண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வெட்டினால் 46 அங்குலத் துணி செலவாகும். கீழகலம் துண்டொன்றுக்கு 18 அங்குலமாக வைத்து இரண்டையும் பக்கம் பக்கமாகக் கிடத்தினாலோ 23 அங்குலம் போதும். சிறிய கைகளுக்கும் கழுத்துப் பட்டிக்குமாக 4 அங்குலம் சேர்த்தால் 27 அங்குலம். அதாவது முக்கால் யார். அரை யாருக்கு மேல் மிச்சம்! கேத்திரகணிதம் கற்பிக்கும் ஆசிரியர்கள் இதனை ஒரு கணக்காகவே மாணவர்க்குக் கொடுக்கலாம்.

கீழ்மடிப்பு ஏன் இத்துணை அகலம்? மூன்று வயதுக்குப் பின் குழந்தை ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 2½ அங்குலம் உயர்கின்றது. சட்டை மூடும் பகுதிக்கு அதிற் பாதியளவே சேரும். ஆதலால் 2½ அங்குல மடிப்பைச் சிறிது சிறிதாக அவிழ்த்து விட்டால் நீளம் ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்குப் போதும். கடைச் சட்டைகளில் இம்மடிப்பு பெரும்பாலும் மிக ஒடுங்கியதாகவே இருக்கும். விற்பவன் இன்றைய குழந்தையை அளக்கின்றான். தாய் நாளைய குழந்தையையும் சேர்த்து அளக்கின்றாள்.

பாதுகாப்பும் ஒரு கணக்கே. கழுத்தில் நீண்ட நாடா வைத்தல் கூடாது. ஊஞ்சலிலும் கதவிலும் சிக்கிக் குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகலாம். அமெரிக்காவில் 1996 ஆம் ஆண்டில் இதுபற்றி அரச அமைப்பொன்று வழிகாட்டு நெறிகளையே வெளியிட்டது. கைக்குழந்தையின் சட்டையில் தளர்ந்த தெறியும் ஆகாது. அது வாய்க்குட் போய்விடும்.

இயந்திரம் தந்ததும் தராததும்

தையல் இயந்திரத்தின் கதை கண்ணீரோடு தொடங்குகின்றது. பிரான்சுத் தேசத்துத் தையற்காரர் பார்த்தெலெமி திமோனியே 1830 ஆம் ஆண்டில் தம் இயந்திரத்துக்கு உரிமம் பெற்றார். பாரிசு நகரிலே படைவீரரின் உடைகளை அதனால் தைப்பித்தார். தம் பிழைப்புப் போய்விடும் என்று அஞ்சிய தையற்காரர் 1831 இல் அவருடைய இயந்திரங்களை உடைத்தெறிந்தனர். அவர் வறுமையிலே மாண்டார். பின்னர் அமெரிக்கரான எலியாஸ் ஹோவ் 1846 இல், துளையை ஊசியின் முனையிலேயே அமைத்து, மேல்நூலும் கீழ்நூலும் துணியின் நடுவே ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும் தையலுக்கு உரிமம் பெற்றார். 1851 இல் ஐசாக் மெரிற் சிங்கர் அதனைச் செம்மைப்படுத்தினார். 1856 முதல் தவணைப் பணத்துக்கு இயந்திரம் விற்கும் முறையும் வந்தது. 1877 இல் அந்த நிறுவனம் இலங்கையிற் கால்வைத்தது.

இவ்வியந்திரத்தை வாழ்த்தியவர்களுள் ஒருவர் காந்தியடிகள். இயந்திர நாகரிகத்தைக் கடிந்துரைத்த அவர், 1924 ஆம் ஆண்டில் ஒரு மாணவரோடு நிகழ்த்திய உரையாடலில் தையல் இயந்திரத்துக்கு விலக்களித்தார். தன் மனைவி கையினாற் தைத்து வருந்துவதைக் கண்ட சிங்கர் அவள்மீது கொண்ட அன்பினாலே அதனை ஆக்கினார் என்பது அடிகள் கூறிய காரணம். சிங்கரின் வரலாறோ அத்துணை இனியதன்று. அவர் பல குடும்பங்களை ஒருங்கே நடத்தியவர். பொருளீட்டுதலே அவர் நோக்கமாக இருந்தது. எனினும் அடிகளின் கருத்து பழுதுபடவில்லை. ஒரு பொருள் எக்காரணத்தாற் பிறந்தது என்பதைக் காட்டிலும் அது யாருடைய வருத்தத்தைக் குறைத்தது என்பதே பெரிது.

மனைவியின் வருத்தத்திலிருந்தே பிறந்ததாகச் சொல்லப்படும் கண்டுபிடிப்பு வேறொன்று உண்டு. அமெரிக்கத் தையற்காரர் எபனேசர் பற்றரிக்கின் மனைவி எலன், தம் சிறுவனுக்கு உடை வெட்ட முயன்றபோது, ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனி மாதிரித்தாள் இருந்தால் எத்துணை எளிதாயிருக்கும் என்று சொன்னாராம். 1863 முதல் பற்றரிக் பல அளவுகளில் வெட்டிய கடதாசி மாதிரிகளை விற்றார். இன்றும் நாம் பழைய செய்தித்தாளிலே வெட்டி வைக்கும் மாதிரிகள் அந்தத் தாயின் முறைப்பாட்டுக்குக் கடன்பட்டவை.

இயந்திரம் எவ்வளவு நேரத்தை மிச்சப்படுத்தியது? 1860 களின் தொடக்கத்தில் அமெரிக்க நிறுவனமொன்று வெளியிட்ட ஒப்பீட்டின்படி, ஓர் ஆண்மகனின் சேட்டைக் கையாற் தைக்க ஏறக்குறைய 14½ மணி நேரமும், இயந்திரத்தில் ஏறக்குறைய 1¼ மணி நேரமும் சென்றன. அப்படியாயின் தாய்மாருக்குப் பதின்மூன்று மணி நேர ஓய்வு கிடைத்திருத்தல் வேண்டுமே! கிடைத்ததா?

அமெரிக்க வரலாற்றாசிரியை ரூத் சுவாட்ஸ் கவன் 1983 இல் வெளியிட்ட நூலொன்றில் இக்கேள்விக்கு விடை தேடினார். வீட்டுக்கு வந்த புதிய கருவிகள் உடலுழைப்பைக் குறைத்தன. ஆயின் அதே வேளையில் வாழ்க்கையின் தரத்தை உயர்த்தின. முன்னர் ஆடவரும் பிள்ளைகளும் வேலையாட்களும் பகிர்ந்துகொண்ட பணிகளைத் தாய் ஒருத்தியின் தலையிலே குவித்தன என்பது அவர் கண்ட முடிவு. தையலுக்கும் இது பொருந்தும். கையாற் தைத்த காலத்தில் குழந்தைக்கு இரண்டு சட்டை. இயந்திரம் வந்தபின் பத்துச் சட்டை, பாடசாலைக்கு ஒன்று, கோவிலுக்கு ஒன்று, கலைவிழாவுக்கு ஒன்று. மிச்சமான பதின்மூன்று மணி நேரமும் மற்றைச் சட்டைகளுக்குட் போய் மறைந்துவிட்டது.

நம் மண்ணின் தையல்

இயந்திரம் நம் வீடுகளில் வெறும் கருவியாக மட்டும் இருந்ததில்லை. வடக்கிலே மின்சாரம் இல்லாதிருந்த 1990 களில், காலால் மிதிக்கும் பழைய இயந்திரங்களே குடும்பங்களை உடுத்தின. ஜாம் போத்தலுக்குட் சிறிது மண்ணெண்ணெய் விட்டுத் திரியிட்ட விளக்கின் ஒளியில் என் தாயார் தைப்பார். ஊசியிலே நூல் கோத்துக் கொடுப்பது என் வேலை. கூரிய கண் எனக்கிருந்தது. தகப்பனாரின் பழைய வேட்டி தம்பிக்குச் சட்டையாகும். தாயாரின் பழைய சீலை எனக்குப் பாவாடையாகும். பாவாடை நைந்தபின் தலையணை உறையாகும். அதுவும் நைந்தபின் அடுப்படித் துணியாகும். ஒரு துணி இறப்பதற்கு முன் நான்கு பிறவி எடுத்தது.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்த இரவில், என் தாயார் இயந்திரத்தின் தலைப்பாகத்தை மட்டும் கழற்றிச் சாக்கிலே சுற்றிச் சைக்கிளிற் கட்டிக்கொண்டார். இரும்புக் கால்கள் வீட்டிலேயே நின்றன. மழையில் நனைந்து வந்த அந்தத் தலையைப் பின்னர்த் தென்மராட்சியில் ஒரு மேசைமேல் வைத்து, சக்கரத்தைக் கையாற் சுழற்றியே அவர் தைத்தார். நகையை விட்டுவிட்டு இயந்திரத்தை எடுத்தது ஏன் என்று நான் வளர்ந்தபின் கேட்டேன். "நகை உடுப்பாகுமே, பிள்ளை?" என்றார்.

1993 ஆம் ஆண்டு முதல் நம் அரசு மாணவர்க்கு இலவசமாகச் சீருடைத் துணி வழங்கி வருகின்றது. இடையிற் சில ஆண்டுகள் துணிக்குப் பதிலாகப் பணச்சீட்டு வழங்கியதும் உண்டு. ஏழைப் பெற்றோருக்கு அது பேருதவி என்பதில் ஐயமில்லை. ஆயினும் வழங்கப்படுவது துணியே, சட்டையன்று. அத்துணிக்கும் பாடசாலை வாயிலில் வெண்ணிறமாய் நிற்கும் பிள்ளைக்கும் இடையே ஒரு தையற்கூலி இருக்கின்றது. அல்லது ஒரு தாயின் இரவு இருக்கின்றது. செம்மண் படிந்த அவ்வெண்மையை நாள்தோறும் தோய்த்து நீலம் போட்டு மீட்பதும் அவளே.

இன்றோ கடைகளில் ஆயத்த உடைகள் குவிந்து கிடக்கின்றன. துணி, நூல், தெறி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் நடைபாதைக் கடையின் சட்டை சிலவேளை மலிவாகவே முடியும். இவ்வுண்மையை மறைத்துவிட்டு வீட்டுத் தையலைப் புகழ்வது நேர்மையாகாது. ஆனால் அந்தச் சட்டையையும் தைத்தது ஒரு பெண்ணின் கையே. 1978 இல் கட்டுநாயக்கவிலே சுதந்திர வர்த்தக வலயம் அமைந்த காலந்தொட்டு, கிராமத்துப் பெண்கள் ஆயிரமாயிரமாக ஆடைத் தொழிற்சாலைகளுக்குச் சென்றனர். போர் முடிந்தபின் வடக்கிலும் அத்தகைய தொழிற்சாலைகள் எழுந்தன. கடல் கடந்த நாட்டுக் குழந்தைக்கு நாளெல்லாம் கழுத்துப் பட்டி மட்டுமே தைக்கும் ஒருத்தி, தன் குழந்தைக்குச் சட்டை வாங்கக் கடைக்குச் செல்கின்றாள். முழுச் சட்டையை ஒரு கை செய்து முடிக்கும் இன்பம் அவளுக்கு வாய்ப்பதில்லை.

எஞ்சிய துணியில் ஓர் உலகம்

வெட்டியது போக எஞ்சிய துண்டுகளை எறிய எந்தத் தாய்க்கும் மனம் வராது. வங்காளத்துப் பெண்கள் பழைய சீலைகளை அடுக்கி, அவற்றின் கரையிலிருந்தே நூல் உருவி, பூவும் மீனும் தைத்துக் காந்தா என்னும் போர்வையாக்கினர். நம் வீடுகளிலோ அவை துணிப்பொம்மையாகவும் துணிப்பந்தாகவும் உருமாறும். இலவம்பஞ்சை அடைத்து, கண்களைத் தெறியால் வையாது கறுப்பு நூலாற் தைத்துவிட்டால் கைக்குழந்தையும் அச்சமின்றி விளையாடலாம்.

துணியோடு பனையும் சேர்கின்றது. குருத்தோலையைப் பின்னி உள்ளே சிறு கற்களையோ விதைகளையோ இட்டால் கிலுகிலுப்பை. கோம்பைகள் இரண்டைத் தடியாற் கோத்தால் நுங்கு வண்டில். இவற்றைச் செய்யும்போது குழந்தை வெறுமனே பார்த்துக்கொண்டிராது. "ஏன் இப்பிடி மடிக்கிறியள்? இது ஏன் இஞ்சாலை வருகுது?" என்று கேட்கும். அக்கேள்விகளிலேதான் அதன் கல்வி தொடங்குகின்றது. கடையில் வாங்கிய பொம்மை முடிந்த பொருள்; தாயின் மடியில் உருவாகும் பொம்மை, பொருள்கள் எவ்வாறு உண்டாகின்றன என்பதைக் கண்முன்னே காட்டும் பாடம். கெட்டதைத் திருத்தலாம் என்ற நம்பிக்கையும் அங்கேயே பிறக்கின்றது.

இதனைப் பெண்குழந்தைக்கு மட்டும் உரிய பாடமாக்கிவிடுதல் தவறு. தன் தெறியைத் தானே தைத்துக்கொள்ளத் தெரியாத மகன் நாளை இன்னொருத்தியின் துண்டு நேரத்தையும் விழுங்குவான். அவ்வாறே, தைப்பதில் விருப்பமில்லாத தாயைக் குறைகூறுதலும் தவறு. ஊசி ஒருத்திக்குத் துணையாகலாம். எல்லோருக்கும் விலங்காகிவிடக் கூடாது.

கணக்கில் வராத கணக்கு

உழைப்பைக் கணக்கிடுவோர் இதுபற்றி என்ன கூறுகின்றனர்? நாடுகளின் வருமானத்தை அளப்பதற்கென ஐக்கிய நாடுகள் சபை முதலிய அமைப்புகள் ஒரு முறையை வகுத்துள்ளன. அதன் 1993 ஆம் ஆண்டுப் பதிப்பிலும் 2008 ஆம் ஆண்டுப் பதிப்பிலும் விந்தையான ஒரு பிரிவு உண்டு. வீட்டாரின் பயன்பாட்டுக்காக ஒருவர் சமைப்பதும் துவைப்பதும் குழந்தையைப் பேணுவதும் உற்பத்தியெனக் கொள்ளப்படா. ஆனால் உடை தைப்பது உற்பத்தியே! ஏனெனில் முடிவில் ஒரு பொருள் கையில் எஞ்சுகின்றது. நாட்டின் மொத்த வழங்கலோடு ஒப்பிடத்தக்க அளவு அது இருப்பின் கணக்கிற் சேர்க்கவும் வேண்டும் என்பது விதி. ஆக, புட்டு அவித்தபோது நான் சும்மா இருந்தேன். ஊசி எடுத்தபோது நாட்டுக்கு உற்பத்தி செய்தேன்! வேலிக்கு அப்பால் நின்றவள் கண்டதோ நேர்மாறு.

இலங்கையிலே தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2017 இல் நாடளாவிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. ஒருவர் நாளின் எந்த மணியில் எத்தொழில் செய்தார் என வினவும் முறை அது. ஊதியமற்ற வீட்டு வேலையின் பெரும்பங்கு பெண்களின் தோளிலே என்பதை நம் தாய்மார் அறிவதற்கு எந்த அட்டவணையும் தேவையில்லை. எனினும் கேட்டு எழுதுவதற்கு ஒருவர் வந்தார் என்பதே ஓர் ஆறுதல்.

என் மூத்தவளுக்கு எட்டு வயது. சென்ற தைப்பொங்கலுக்கு நான் தைத்த சட்டையை அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகம் வாடிற்று. "அம்மா, இது கடைச் சட்டை இல்லை. கடைச் சட்டையிலை பின்னாலை கழுத்தடியிலை ஒரு பெயர்த்துண்டு இருக்கும். இதிலை இல்லை. பள்ளிக்கூடத்திலை பிள்ளையள் பாப்பினம்" என்றாள். ஒன்பது நாள் இரவு என் தொண்டையில் வந்து நின்றது. ஆயினும் அவள் சொன்னது பொய்யன்றே! தைத்தவர் பெயர் தாங்காத சட்டையை உலகம் குறைவாகத்தான் மதிக்கின்றது. அதை அவள் எட்டு வயதிலேயே கண்டுகொண்டாள். சட்டையை உடுத்தாள், ஆனால் தலைமயிரை அவிழ்த்துக் கழுத்தை மறைத்துக்கொண்டாள்.

சில வாரங்கள் சென்றன. ஒருநாள் மதியம் அவள் தையற்பெட்டியருகே அமர்ந்து தன் துணிப்பொம்மைக்குச் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். தையல் பாம்புபோல் நெளிந்தது. விரலில் இரண்டிடத்தில் இரத்தம். முடித்தபின் வெள்ளை நாடாவில் ஒரு துண்டு வெட்டி, அதில் பென்சிலாற் தன் பெயரை எழுதி, பொம்மைச் சட்டையின் கழுத்தடியிலே வைத்துத் தைத்தாள். "நான் தைச்சது எண்டு எல்லாருக்கும் தெரிய வேணுமெல்லே?" என்றாள்.

அயல்வீட்டுத் தங்கையின் குழந்தைக்கும் சட்டை தைத்து முடித்தேன். அதை வாங்க வந்தபோது அவள் பணம் நீட்டினாள், நான் வாங்கவில்லை. "ஞாயிற்றுக்கிழமை வாரும் தங்கச்சி. வெட்டுறதைக் காட்டித் தாறன், அடுத்ததை நீரே தையும்" என்றேன். அவள் வந்தாள். முதல் நாள் முழுவதும் முயன்று ஒரு கழுத்து வளைவை மட்டும் ஒருவாறு முடித்தாள். மாலையில் முதுகை நிமிர்த்திக்கொண்டு, "இவ்வளவு வேலையே அக்கா இதிலை!" என்று கூறிச் சிரித்தாள். அதற்குப் பின்னர் அவள் வாயிலிருந்து "சும்மா" என்ற சொல்லை நான் கேட்டதில்லை.

மூத்தவளின் பொங்கற் சட்டையின் கழுத்தடியிலும் இப்பொழுது ஒரு சிறிய வெள்ளை நாடா இருக்கின்றது. அதில் "அம்மா" என்று சங்கிலித் தையலில் எழுதியிருப்பவள் அவளே. "ம்" எழுத்தின் புள்ளி சற்றுத் தள்ளி விழுந்துவிட்டது. அதனை நான் திருத்தவில்லை.